அக்காவுக்கு வைத்த சூட்டுக் கடிகாரம்

பல் போனவர்களே, போகப் போகிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். இளசுகளிடம் சொன்னால், இப்படியுமா இருந்தீர்கள் என்று கேட்பார்கள். ஆமாம், இப்படித்தான் இருந்தோம். நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறான். எழுத்துப் பிழை இருந்தால் அவன் தலையில் போடுங்கள், மற்றதெல்லாம் என் தலையில். அங்கே இடம் நிறைய இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாததால் வந்த வசதி.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடம் முந்திய காலம். கோத்தா திங்கியைத் தாண்டி, ஆற்றை ஒட்டி ஒரு ரப்பர் தோட்டம். வரிசை வீட்டு லயத்தில் எங்கள் வீடு கடைசி. அப்பாவுக்குப் புகைக்கொட்டகையில் வேலை. உறைந்த பாலைத் தகடு தகடாக மிஷினில் உருட்டி, துணி காயப்போடுவது போல உள்ளே கொம்புகளில் தொங்க விட்டிருப்பார்கள். கீழே விறகு புகைந்துகொண்டே இருக்க வேண்டும். வெள்ளையாகப் போகிற தகடு தேன் நிறத்தில் வெளியே வரும். அப்பாவும் உள்ளே போகும்போது ஒரு நிறம், வெளியே வரும்போது ஒரு நிறம்.

எங்கள் வீட்டில் எல்லாமே புகை வாடை அடிக்கும். பாய், போர்வை, சோறு, கருவாடு, சாமி படம். நான் தும்மினால் புகை வருகிறதா என்று அக்கா குனிந்து பார்ப்பாள். அவளுக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும். மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை, பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. நம் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மருமகனுக்காகச் சொல்கிறேன், அவன் டவுனில் பிறந்தவன்.

அக்கா நன்றாக மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டுவாள். கங்காணி விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி, துரையின் நாய் மாதிரி, நான் அழுகிற மாதிரி. கடைசியாகச் சொன்னதைத்தான் லயமே விரும்பிக் கேட்கும். கோழி கூவி பாதியில் மறந்துவிட்ட மாதிரி இருக்குமாம் என் அழுகை. இன்றைக்கும் நான் அழுதால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன்.

புகைக்கொட்டகைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு ஓட்டை. அதில் ஒரு வட்டமான பித்தளைச் சாமான் செருகியிருக்கும். முகம் கடிகாரம் மாதிரி, கண்ணாடி போட்டு, ஒரே ஒரு முள். பின்னால் முழங்கை நீளத்துக்கு ஒரு தண்டு. தண்டு உள்ளே சூட்டில் இருக்கும், முகம் வெளியே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே எவ்வளவு சூடு என்று முள் காட்டும். இதற்கு என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. சூட்டுக் கடிகாரம் என்றோம்.

அதில் நம்பர் எல்லாம் போட்டிருந்தது. அப்பாவுக்கு நம்பர் தெரியாது. எனக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தின் வாசலில் ஒரு கொய்யா மரம் இருந்தது; நான் படித்ததெல்லாம் அந்த மரம் வரைக்கும்தான். அப்பாவுக்காக, கணக்கெழுதுகிற ஸ்டோர் கிராணி கண்ணாடி மேல் பெயிண்டால் இரண்டு கோடு போட்டிருந்தார், ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. முள் வெள்ளைக்குக் கீழே இறங்கினால் விறகு போடு. சிவப்பைத் தொடப் போனால் விறகை இழு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் உட்கார்ந்து வெற்றிலை போடு. இதுதான் அப்பாவின் படிப்பு. அதில் அவர் ஒருநாளும் தப்பு செய்ததில்லை. அவர் கையில் ஒரு தகடுகூடக் கொப்புளம் கட்டியது கிடையாது.

அந்தச் சாமானின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தது எத்தனையோ காலத்துக்குப் பிறகு, ஜொகூர் பாருவில் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற வேலைக்குப் போனபோது. அங்கே ரொட்டி அடுப்பின் கதவில் அதே ஜாதிக் கடிகாரம். ஒருநாள் அது கெட்டுப்போய், சீன பாஸ் அதைத் தூக்கிப் போட்டார். எடுத்து அறுத்துப் பார்த்தேன். தண்டுக்குள் ஒரு சுருள். பித்தளைப் பட்டை ஒன்றையும், இரும்பு மாதிரி வேறொரு பட்டை ஒன்றையும் முதுகோடு முதுகாக ஒட்டி, அதைக் கயிறு மாதிரிச் சுருட்டி வைத்திருக்கிறான். சூடு பட்டால் பித்தளை சட்டென்று நீளும். மற்றது லேசில் அசையாது. ஒட்டிக் கிடப்பதால் பிரிந்து போகவும் முடியாது. வேறு வழியில்லாமல் இரண்டும் சேர்ந்து வளையும். வளைய வளையச் சுருள் திருகும், சுருளின் நுனியில் உள்ள கம்பி திரும்பும், கம்பி முனையில் இருக்கிற முள் நகரும். ஆறினால் திரும்பி வரும். அவ்வளவுதான் வித்தை. புருஷன் பெண்டாட்டியை வைத்து இதற்கு ஒரு உதாரணம் சொல்ல வந்தேன், மருமகன் முறைக்கிறான்.

பாதரசம் கிடையாது, கண்ணாடிக் குழாய் கிடையாது, தட்டினாலும் உடையாது. அதனால்தான் அடுப்புக்கும், தேயிலை காய வைக்கிற அறைக்கும், கப்பல் இஞ்சின் பக்கத்திலும் இதை வைக்கிறார்களாம். பிற்பாடு மின்சார இஸ்திரிப் பெட்டியிலும் இதே இரட்டைப் பட்டைதான், சூடு ஏறினால் வளைந்துபோய்க் கரண்டை வெட்டிவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் மாவில் உப்பைப் போட மறந்து, பாஸிடம் திட்டு வாங்கினேன். அந்த அறுத்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

தோட்டத்துக்கே திரும்புகிறேன். அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்தது. நம் ஆற்றோரத்து மழை உங்களுக்குத் தெரியும். ஊற்றும், விடும் என்று இல்லை. ஊற்றும், அவ்வளவுதான். விறகெல்லாம் ஊறிப்போய், அடுப்பு புகைந்ததே தவிரக் காயவில்லை. முள் வெள்ளைக் கோட்டுக்கு ஏறுவதற்கே அப்பா ஊதி ஊதிக் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக வீட்டுக்கு வருவார். மரம் நனைந்ததால் பல நாள் வெட்டு இல்லை. எல்லாரையும் புல் வெட்ட, தண்ணீர் வடிகிற கான் வெட்ட அனுப்பினார்கள். அக்காவும் தண்ணீருக்குள் நின்று கான் வெட்டினாள். அதில்தான் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் என்றால் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸரிடம் காட்ட வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமையில் வெள்ளைக் கோட் சட்டை போட்டுக்கொண்டு டவுனில் கோயிலுக்குப் போகிறவர். எங்களோடு அதிகம் பேச மாட்டார், பேசினாலும் எங்களுக்குப் பாதிதான் புரியும். அவர் ஒரு கண்ணாடிக் குச்சி வைத்திருந்தார். அதை வாயில் வைப்பதற்கு முன்னால் கையை ஓங்கி நாலு உதறு உதறுவார்.

அந்த உதறல்தான் பெரிய வம்பு. முந்தி ஏறிய பாதரசம் இறங்குவதற்காக உதறுகிறார் என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. குச்சியில் இருக்கிற காய்ச்சலை அவர் உதறிக் கொட்டிவிட்டுத்தான் வாயில் வைக்கிறார், பிறகு காய்ச்சல் இல்லை என்று சொல்லி வேலைக்கு விரட்டுகிறார் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். துரை சொல்லிக் கொடுத்த தந்திரம் என்று ஒரு பெரிய பேச்சே உண்டு. அக்கா அந்த உதறலை அகப்பைக் காம்பை வைத்துச் செய்து காட்டுவாள். லயமே விழுந்து சிரிக்கும்.

அவளை முதல் காலையில் டிரஸரிடம் அழைத்துப் போனார்கள். உதறினார், வைத்தார், காய்ச்சல் இல்லை என்றார். இல்லைதான். அந்தக் காய்ச்சல் வந்து ஆட்டிவிட்டுப் போகும், நடுவில் ஆள் நன்றாக இருப்பதுபோல இருக்கும். அவர் பார்த்தது அந்த நடு நேரத்தில். ஒரு கசப்பு மருந்தைக் கொடுத்து, வேலைக்குப் போகலாம், மத்தியானம் நடுக்கினால் திரும்பிக் கொண்டு வரச் சொன்னார். நாங்கள் காதில் வாங்கியது வேலைக்குப் போகச் சொன்னதை மட்டும்தான். மருந்தை அக்கா வாழைக்கு ஊற்றினாள்.

மத்தியானம் வேலையிலிருந்து அவளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பல் கடகடவென்று அடித்தது. அம்மா டிரஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றார். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"காலையில ஒதறிக் கொட்டிப்புட்டு ஒண்ணுமில்லன்னான். மறுபடி அவன்கிட்டயா? ஒதறாம காட்டுற சாமான் நம்மகிட்டயே இருக்கு."

புகைக்கொட்டகை ஸ்டோரில் பழைய தகடுகளை இறக்கிப் புதுசு ஏற்றுகிற நேரம் அது. அந்த நேரத்தில் சுவரில் கடிகாரம் இல்லாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்பா போய், தண்டை ஓட்டையிலிருந்து உருவி, சாக்கில் சுற்றி, மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொண்டு வந்தார். என்னைக்கூட அவர் அப்படித் தூக்கியதாக எனக்கு ஞாபகமில்லை. தூக்கியிருந்தால் அது என் நினைவு வராத காலம்.

முதலில் என் கக்கத்தில் வைத்துப் பார்த்தார், சாமான் சரியாக இருக்கிறதா என்று. முள் கீழே இறங்கி இறங்கி ஒரு மூலையில் போய் நின்றது. வெள்ளைக் கோட்டிலிருந்து வெகு தூரம்.

"இவன் எப்பவோ செத்துட்டான்," என்றார் அப்பா.

அம்மா சிரித்தார். நடுக்கத்தோடு நடுக்கமாக அக்காவும் சிரித்தாள். "அதான் நாறுறான்," என்றாள்.

பிறகு அக்காவுக்கு வைத்தார்கள். தண்டு நீளம், கக்கத்துக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் முள்ளையே பார்த்தோம். எனக்கு நின்ற இடத்தைவிடக் கொஞ்சம் மேலே போய் நின்றது. எவ்வளவு கொஞ்சம் என்றால், ஒரு சோற்றுப் பருக்கை அகலம். வெள்ளைக் கோட்டுக்கு அப்போதும் எட்டவில்லை. சிவப்போ ஆகாயத்தில் இருந்தது.

அப்பா மூச்சு விட்டார். "பாத்தியா. வெள்ளைக்கே வரல. இது காய்ச்சலே இல்ல புள்ள, சூடு பத்தாம நடுங்குது."

அந்தப் பருக்கை அகலம்தான் காய்ச்சல். முள் பொய் சொல்லவில்லை. தண்டு பாதி வெளியே இருந்ததால் உள்ளதைவிடக் குறைத்துத்தான் சொன்னது, ஆனாலும் சொன்னது. எனக்கும் அவளுக்கும் நடுவில் அது ஏறிய தூரத்தை யாரும் பார்க்கவில்லை. பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முள் வெள்ளைக்குக் கீழே இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். உலகத்திலேயே அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். இருக்கிற போர்வையெல்லாம் போட்டார். மேலே கோணிச்சாக்கு. சட்டியில் நெருப்பை அள்ளி வந்து பக்கத்தில் வைத்தார். கதவைச் சாத்தினார். அவளும் குளிருது குளிருது என்றுதான் சொன்னாள், அதனால் அம்மாவும் தடுக்கவில்லை. கடிகாரத்தைத் திரும்பக் கொண்டுபோய்ச் செருகிவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் வேர்த்தாள். பார்த்தாயா, சரியாகிவிட்டது என்றார். மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். எனக்குப் பேன் பார்த்தாள். அப்பா லயத்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார், சூட்டுக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், டிரஸருக்கு வேலையில்லை என்று. அதற்கு அடுத்த நாள் மறுபடி நடுக்கம் வந்தது. மறுபடி கடிகாரம் வந்தது, மறுபடி வெள்ளைக்குக் கீழே நின்றது, மறுபடி சாக்கும் நெருப்புச் சட்டியும். இந்த முறை அவள் குளிருது என்று சொல்லவில்லை. போர்வையைத் தள்ளினாள். அப்பா எடுத்துப் போட்டார். தள்ளினாள். போட்டார். பிறகு தள்ளவில்லை.

அவள் கங்காணி குரலில் பேர் கூப்பிட ஆரம்பித்தாள். விளையாட்டு என்று நினைத்து நான் ஆஜர் சொன்னேன். என் பேரே வரவில்லை. யார் யாரோ பேர். அவள் கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அம்மா போர்வையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டிரஸரைக் கூப்பிட மழையில் ஓடினார். அப்பா அங்கேயே நின்றார்.

டிரஸர் குடையோடு வந்தார். சட்டியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், காலால் சட்டியைத் தள்ளி வைத்தார். குச்சியை எடுத்து உதறினார். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குச்சியைக் கக்கத்தில் வைத்து எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் அம்மாவிடம் ஈரத் துணி கேட்டார்.

"ஏன் முந்தியே கொண்டு வரேல்லை? மத்தியானம் நடுங்கினா கொண்டு வரச் சொன்னனான் எல்லோ?"

அப்பா கேட்டார், "ஐயா, செவப்புக் கோட்டத் தாண்டிருச்சா?"

"எந்தச் சிவப்புக் கோடு?"

"சூட்டுக் கடியாரத்துலங்க. ஸ்டோருல இருக்கே. வச்சுப் பாத்தேன். வெள்ளைக்கே ஏறல."

டிரஸருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கினதும் அவர் நனைந்த உடுப்போடு எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அந்தக் கோடு ரப்பருக்குப் போட்டதப்பா," என்றார். "மனுசன் அந்த வெள்ளைக் கோட்டுக்கு வர முன்னமே போயிடுவான்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஊசி போட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு, தானே லாரிக்கு ஓடினார். ஆறு ரோட்டுக்கு ஏறியிருந்தது. லாரி பாதி வழி போய்த் திரும்பியது. பலகையில் கட்டிய அக்காவைப் படகுத்துறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள வேண்டுமே என்று. அவ்வளவு மூளை எனக்கு. படகு வைத்திருந்த மலாய்க்காரர் தண்ணீரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அப்பாவின் தோளைத் தொட்டார். "தா போலே, பாங். ஆயெர் பெசார்." முடியாது அண்ணே, வெள்ளம் பெரிது. அதற்குப் பிறகும் அப்பா கெஞ்சியதால் அவர் படகை அவிழ்த்தும் பார்த்தார். ஆறு அதைத் துறைக் கம்பத்தில் கொண்டுவந்து மோதியது.

துறைக் கொட்டகையிலேயே, பொழுது சாய்வதற்கு முன்னால், அக்கா போனாள். டிரஸர் குடையை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே நின்றார், போன பிறகும். ஒரு செருப்பை நான் வழியில் எங்கோ தவற விட்டிருந்தேன். மற்றதை என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் அம்மா அப்பாவோடு பேசவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை, பேச்சு இல்லை. நான் தபால்காரன் ஆனேன். "ஒங்கப்பாவுக்குக் கஞ்சி வேணுமான்னு கேளு." கேட்பேன். "வேணாம்னு சொல்லு." சொல்வேன். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று அடி தூரம்தான், எனக்கு நாள் முழுக்க வேலை. ஒருநாள் வேடிக்கை பண்ணலாம் என்று, அப்பா உனக்குச் சேலை வாங்கித் தருகிறாராம் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா விறகுக் கட்டையை எடுத்தார், பிறகு கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அதோடு நான் தபாலில் கலப்படம் செய்வதை விட்டேன்.

அப்பா வேலைக்குப் போனார். முள்ளைப் பார்த்தார், விறகு போட்டார், விறகு இழுத்தார். தகடு தேன் நிறத்தில்தான் வந்தது.

இதில் ஒரு கொடுமை நடந்தது. அக்கா எதனால் போனாள் என்று லயத்துக்கு யாரும் சொல்லவில்லை. டிரஸர் வாயைத் திறக்கவில்லை. அப்பா முதல் நடுக்கத்துக்குப் பிறகு ஊரெல்லாம் சொன்ன பெருமை மட்டும் மிச்சமிருந்தது. பிள்ளை வெள்ளத்தால் போனாள், டிரஸர் மருந்தால் போனாள், ஆனால் புகைக்கொட்டகைக் கடிகாரம் உண்மை சொல்கிற சாமான் என்று ஆகிவிட்டது.

தண்ணீர் வடிந்து, ரோட்டில் சேறு காய்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். எதிர்வீட்டு அத்தை தன் கைக்குழந்தையைத் துணியில் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். குழந்தை அழவில்லை. முனகியது.

"அண்ணே, அந்தக் கடியாரத்த ஒருவாட்டி எடுத்தாந்து வச்சுப் பாருங்கண்ணே. டிரஸர்கிட்டப் போனா ஒதறிப்புடுவாரு."

அம்மா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார். நான் தபால் ஏதாவது வருமா என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அப்பா எழுந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குழந்தையின் நெற்றியில் வைத்தார். நெருப்பைத் தொட்டவர் மாதிரி எடுத்தார், மறுபடி வைத்தார்.

"கடியாரம் வேணாம்மா. குடு."

குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, மேல்சட்டைகூடப் போடாமல், டிரஸர் வீட்டுப் பக்கம் நடந்தார். கொஞ்ச தூரத்தில் நடை ஓட்டமானது. அத்தை பின்னால் அழுதுகொண்டே ஓடினார். சேற்றில் அப்பாவின் கால் தடம் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட விழுந்திருந்தது. அம்மா வாசலுக்கு வந்து, அந்த ஓட்டம் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

விளக்கேற்றிய பிறகுதான் அப்பா வந்தார். முழங்கால் வரை சேறு. வெறுங்கை. கால் கழுவாமலேயே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். நான் தபாலுக்குத் தயாராக எழுந்து நின்றேன். அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு போனார்.

"புள்ள?"

"லாரியில ஏத்திட்டாரு," என்றார் அப்பா. "ஆஸ்பத்திரிக்கு. பொழச்சுக்கும்னாரு."

அம்மா தட்டில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றி, அவர் முன்னால் வைத்தார். அப்பா கையைத் தட்டுக்கு மேலே கொண்டுபோனார். அது அங்கேயே நின்றது. குழந்தையின் நெற்றியில் வைத்த கை.

அம்மா குனிந்து, அந்தக் கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தார்.